பத்தாயிரம் பேருக்கு முன் முப்பது பேர்

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக மென்பொருள் துறையில் பணியாற்றி வருகிறேன். புதிதாகத் தொழில் தொடங்க விரும்புவோர் தங்களுக்குள் பேசி, அனுபவங்களைப் பகிர்ந்து, வழிகாட்டிகளையும் முதலீட்டாளர்களையும் சந்திப்பதற்கான இணையத் தளம் ஒன்றை நண்பருடன் சேர்ந்து ஏழு மாதங்களாக உருவாக்கியிருக்கிறேன். துறைவாரியான குழுக்கள், வழிகாட்டிகளுடன் நேரம் குறித்துக்கொள்ளும் வசதி, நிதி திரட்டும் பக்கம், பயிற்சி வகுப்புகள் எல்லாம் தயாராக உள்ளன. சோதனைக்காக 140 பேரைச் சேர்த்தோம். முதல் வாரத்தில் 23 கேள்விகள் வந்தன. மூன்றாம் வாரத்திற்குப் பிறகு ஏறக்குறைய யாரும் வருவதில்லை. அந்தப் பக்கங்களின் படங்களை இணைத்துள்ளேன். இரண்டு மாதங்களில் முறைப்படி தொடங்கி, முதல் ஆண்டிலேயே பத்தாயிரம் உறுப்பினர்களை எட்ட வேண்டும் என்பது எங்கள் திட்டம். விளம்பரத்திற்குச் செலவிடலாமா? கட்டணம் வைக்கலாமா? எதைச் சரிசெய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் 140 என்ற எண்ணும் பத்தாயிரம் என்ற எண்ணும் இருந்தாலும், என் கண்ணில் முதலில் பட்டது 23 என்ற எண்தான். அந்த 23 கேள்விகளில் எத்தனைக்குப் பதில் கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. இணைத்திருந்த படங்களை வைத்து நானே எண்ணிப் பார்த்தேன். ஆறு கேள்விகளுக்கு மட்டுமே கீழே ஏதோ எழுதப்பட்டிருந்தது; மற்ற 17 பேரும் கேட்டுவிட்டுக் காத்திருந்து போயிருக்கிறார்கள். உங்கள் முதல் கேள்விக்கான பதில் இதிலேயே இருக்கிறது. இப்போது விளம்பரத்திற்குச் செலவிட வேண்டாம். பதில் கிடைக்காத இடத்திற்கு மேலும் ஆயிரம் பேரை அழைத்து வந்தால், அந்த ஆயிரம் பேரும் ஏமாற்றத்தோடு வெளியேறுவார்கள். ஒருமுறை அப்படிப் போனவரை மீண்டும் அழைத்து வருவது புதியவர் ஒருவரைச் சேர்ப்பதைவிடக் கடினம் என்பதை என் பணியில் பலமுறை பார்த்திருக்கிறேன். தொடக்க நாளையும் தள்ளிப்போடுங்கள்.

பதில் வந்த ஆறில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர், "துணிப்பை தைத்து விற்கலாம் என்று இருக்கிறேன், யாராவது வழிகாட்டுங்கள்" என்று எழுதியிருக்கிறார். அதன்கீழ் நான்கு பேர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர் முயற்சி திருவினையாக்கும் என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் தாம் நடத்தும் பயிற்சி வகுப்பின் இணைப்பைப் போட்டிருக்கிறார். கேட்டவர் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனவர், அதன்பின் வந்ததாகத் தெரியவில்லை. உறுப்பினர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அந்தக் கேள்வி அமைந்திருக்கும் விதத்தில் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. தையல் தெரிந்தவர் எதைச் சொல்வது, கடை வைத்திருப்பவர் எதைச் சொல்வது?

அன்றிரவே நீங்கள் அவருக்குத் தனியாக எழுதி, இதுவரை எத்தனை பைகள் தைத்தீர்கள், யாரிடம் காட்டினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தால், அதே கேள்வி ஏறத்தாழ இப்படி மாறியிருக்கும்: "12 பைகள் தைத்துத் தெரிந்தவர்களிடம் காட்டினேன். ஐந்து பேர் வாங்கினார்கள். அவர்களில் இருவர் கைப்பிடி தோளில் நழுவுகிறது என்றார்கள். கடைகளை அணுகுவதற்கு முன் கைப்பிடியை மாற்ற வேண்டுமா, அல்லது இப்படியே கொண்டுபோய்க் காட்டி அவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளலாமா?" இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பை தைத்தவர் ஒருவர், கடையில் கொள்முதல் பார்ப்பவர் ஒருவர், தோளில் பை மாட்டிச் செல்பவர் ஒருவர் என மூவருக்குமே சொல்வதற்கு ஏதேனும் இருக்கும், ஐந்து நிமிடத்தில் சொல்லியும் விடுவார்கள். ஆகவே உங்கள் தளத்தில் கேள்வி எழுதும் இடத்தில் இருக்கும் அந்த வெற்றுப் பெட்டியை எடுத்துவிட்டு, "இதுவரை செய்தது", "அதனால் நடந்தது", "இப்போது எடுக்க வேண்டிய முடிவு" என்று மூன்று சிறு பெட்டிகளை வையுங்கள். வழிகாட்டிகளுடன் நேரம் குறிக்கும் வசதிக்கு நீங்கள் செலவிட்ட மாதங்களைவிட இந்த ஒரு நாள் வேலை அதிகப் பலன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து, நீங்கள் அழைத்து வருவோரின் இயல்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டக்கலை ஆர்வலர்களுக்கோ ஒளிப்படக் கலைஞர்களுக்கோ ஒரு தளம் அமைத்தால், அவர்கள் பத்தாண்டுகள் கழித்தும் அதே ஆர்வத்தோடு அங்கேயே இருப்பார்கள். தொழில் தொடங்க விரும்புவோர் அப்படி இருக்க மாட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தொழிலைத் தொடங்கிவிடுவார்கள். தொடங்கியவுடன் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இன்னொரு பகுதியினர் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்வார்கள். அவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். ஆக, வென்றவரும் போய்விடுகிறார், விட்டவரும் போய்விடுகிறார். மீதி இருப்பவர்கள் எல்லோரும் முதல் படியில் நிற்பவர்கள். அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுப் பயனில்லை. மாதந்தோறும் புதிதாக வருவோர் அதே முதல் கேள்விகளைக் கேட்பார்கள், பதில் தெரிந்த சிலரோ சொன்னதையே சொல்லிச் சலித்துப் போவார்கள். இவ்வகைக் குழுமங்கள் பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான் நலிகின்றன. மென்பொருள் குறையால் நலிந்ததை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இதற்கு நான் கண்ட வழி, முதல் 30 பேரைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பது. அவர்களில் 20 பேர் தொடங்க விரும்புவோராகவும், பத்துப் பேர் கடந்த ஓரிரு ஆண்டுகளில் தொடங்கியோராகவும் இருக்கட்டும். பெயர்பெற்ற தொழிலதிபர்களைத் தேடி அலைய வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கியவருக்குத் தம் முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடித்தோம் என்பது இன்று ஒரு கதையாகத்தான் நினைவிருக்கும். அன்றைய விதிமுறைகளும் சந்தையும் வேறு. எட்டு மாதங்களுக்கு முன் அதே இடத்தில் தடுமாறியவருக்கு, எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தைத் தவறாக நிரப்பினோம் என்பது வரை நினைவிருக்கும்.

ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பவர்கள் சிறு குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் உதவும் இந்த எண்ணத்திற்கு வயது ஏறக்குறைய 300 ஆண்டுகள். பின்னாளில் அமெரிக்காவின் தேசத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1727இல், தம் 21ஆம் வயதில், ஃபிலடெல்ஃபியா நகரில் ஜன்டோ என்ற சிறு குழுவை அமைத்தார். அச்சுத் தொழிலாளர், நில அளவையாளர், செருப்புத் தைப்பவர், தச்சர், கண்ணாடி வேலை செய்பவர், வணிகரிடம் கணக்கெழுதும் இளைஞர் என, சொந்த உழைப்பால் முன்னேற முயன்றவர்களே அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். கூட்டத்தில் கேட்பதற்கென்று எழுதிவைத்த கேள்விகள் இருந்தன. அண்மையில் நகரில் யாருடைய தொழில் செழித்தது, எப்படிச் செழித்தது என்பது அவற்றில் ஒன்று. யாருடைய தொழில் நொடித்தது, அதற்குக் காரணமாக என்ன கேள்விப்பட்டீர்கள் என்பது மற்றொன்று. தோல்வியைப் பற்றிப் பேசுவதற்கு நிகழ்ச்சி நிரலிலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் தளத்தில் "வெற்றிக் கதைகள்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. கடையை மூடியவர் எழுதுவதற்கு ஒரு பக்கம் இல்லை. அதைத் திறந்து வையுங்கள். விட்டுவிட்டவர் மரியாதையோடு வந்து அமரக்கூடிய இடம் இருந்தால்தான் அவர் அறிந்தது மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

ஜன்டோவின் வளர்ச்சியும் உங்கள் பத்தாயிரம் கணக்கிற்கு நேரடியாகப் பொருந்துகிறது. உறுப்பினர் எண்ணிக்கையை 12 என்று வரையறுத்திருந்தார்கள். சிலர் தம் நண்பர்களையும் சேர்க்க விரும்பியபோது ஃபிராங்க்ளின் உடன்படவில்லை; அதற்குப் பதிலாக ஒவ்வொரு உறுப்பினரும் அதே விதிகளோடு தனித்தனியாக ஒரு கிளைக் குழுவை அமைக்கலாம் என்று எழுத்து மூலம் முன்மொழிந்தார், அப்படி ஐந்தாறு குழுக்கள் அமைந்தன. கூட்டாக நடத்திய அச்சகத் தொழிலில் ஃபிராங்க்ளின் கடனில் சிக்கியபோது, அதே குழுவைச் சேர்ந்த நண்பர்கள் இருவர் தாமாக முன்வந்து பணம் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர் வாரந்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதால் விளைந்த நம்பிக்கை அது. பத்தாயிரம் பேரை ஒரே கூடத்தில் அமர்த்துவதைவிட, முப்பது முப்பது பேராகப் பல கூடங்கள் அமைப்பதே உங்கள் நோக்கத்திற்கு ஏற்றது என்பது என் கருத்து. ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரே கூடத்தில் வைத்தால், முந்தைய கூடத்தார் அடுத்த கூடத்தாருக்கு இயல்பாகவே வழிகாட்டிகள் ஆவார்கள். பெரியவர்களைத் தேடி ஓடும் வேலையும் குறையும்.

இணையக் காலத்திலும் நிலைத்து நின்றவை பெரும்பாலும் இப்படிச் சிறிதாகவே தொடங்கின. புதிய மென்பொருள் தயாரிப்புகளை அறிமுகப்படுத்தும் ப்ராடக்ட் ஹன்ட் 2013இல் ரயன் ஹூவர் சிலருக்கு அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல் தொகுப்பாகவே பிறந்தது. அதில் ஆர்வம் இருப்பது தெரிந்த பிறகே தளம் கட்டப்பட்டது. தனியாகத் தொழில் நடத்துவோருக்கான இண்டி ஹேக்கர்ஸ் தளத்தைக் கோர்ட்லண்ட் ஆலன் 2016இல் தொடங்கியபோது, அதன் உயிராக இருந்தவை தொழில் நடத்துவோரின் நேர்காணல்கள். எவ்வளவு வருமானம் வருகிறது, முதல் வாடிக்கையாளர் எப்படி வந்தார் என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், அதைப் படிக்க வந்தவர்களே பிறகு உரையாடினார்கள். ரெடிட் 2005இல் தொடங்கியபோது, தளம் வெறுமையாகத் தெரியக்கூடாது என்பதற்காக நிறுவனர்களே பல பொய்ப் பெயர்களில் பதிவிட்டார்கள் என்பதை அவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் செய்ததை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். தம் சேமிப்பை வைத்துத் தொழில் தொடங்கப்போகிறவர் நம்பி வரும் இடத்தில் பொய்ப்பெயர் வெளிப்பட்டால் அந்த நம்பிக்கை திரும்பாது. ஆனால் வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு நிறுவனர்களுடையதே என்று அவர்கள் உணர்ந்திருந்தது சரி. அதை உங்கள் சொந்தப் பெயரிலேயே செய்யுங்கள்.

பெரும்பாலோர் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போவதைக் கண்டு மனம் தளர வேண்டாம். இணையத் தளங்களை மக்கள் பயன்படுத்தும் விதத்தை ஆராயும் யேகப் நீல்சன் 2006இல் எழுதிய ஒரு கட்டுரையில், இணையக் குழுமங்களில் 90 விழுக்காட்டினர் படிப்பவர்கள், ஒன்பது விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுபவர்கள், ஒரு விழுக்காட்டினரே தொடர்ந்து எழுதுபவர்கள் என்று கணித்தார். இது தோராயமான அளவுதான், குழுவுக்குக் குழு மாறும். ஆனாலும் 140 பேரில் ஒரு விழுக்காடு என்றால் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள் என்று எதிர்பார்த்ததுதான் உங்கள் தவறு. நேரில் அழைக்கப்பட்ட முப்பது பேர் உள்ள குழுவில், "இது உங்களுக்குத் தெரிந்த விஷயம், இவருக்கு இரண்டு வரி எழுத முடியுமா" என்று பெயர் சொல்லிக் கேட்க முடியும். அப்படிக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டிலிருந்தபடியே தொழில் செய்ய விரும்புவோருக்கான குழு ஒன்றை நடத்தினேன். முதல் 60 பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு நெருக்கமாக இருந்தார்கள். குழுவைப் பற்றி ஓரிடத்தில் செய்தி வெளியானதும், வந்தவர்களை எல்லாம் தடையின்றிச் சேர்த்துக்கொண்டேன். ஆறு வாரங்களில் உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. புதியவர்களில் சிலர் உறுப்பினர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பி, ஆள் சேர்த்தால் வருமானம் என்ற வகைத் திட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். எனக்கு அது தெரியவந்தபோது ஒரு பெண் தம் மூலதனத்தின் ஒரு பகுதியை இழந்திருந்தார். அவர் என்மேல் கோபப்படவில்லை, "உங்கள் குழுவில் இருப்பவர் என்பதால் நம்பினேன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை நினைத்துத்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகையால் உள்ளே வரும் வழியில் கண்டிப்பாக இருங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதத்தில் பிறருக்குத் தனிச்செய்தி அனுப்ப முடியாதபடி செய்யுங்கள். தம் பொருளையோ சேவையையோ அறிவிக்க விரும்புவோருக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம் ஒதுக்குங்கள். மற்ற இடங்களில் வரும் விற்பனைப் பதிவுகளைக் கேள்வி கேட்காமல் நீக்குங்கள். உறுப்பினர்கள் உண்மைப் பெயரில் இருப்பதையே நான் விரும்புவேன். 1985இல் தொடங்கப்பட்ட தி வெல் என்ற முன்னோடி இணையக் குழுமம் உண்மைப் பெயரை வலியுறுத்தியது, நீங்கள் எழுதும் சொற்களுக்கு நீங்களே உரிமையாளர், நீங்களே பொறுப்பாளர் என்பதையும் தன் அடிப்படையாக வைத்திருந்தது. தண்டனை விஷயத்தில் எலினோர் ஆஸ்ட்ரமின் ஆய்வை நினைவில் கொள்ளுங்கள். பொதுவான நீர்நிலைகளையும் காடுகளையும் மக்கள் தாமே நெடுங்காலம் காத்துவந்த இடங்களை ஆராய்ந்து, 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அவர், அத்தகைய இடங்களில் யார் உறுப்பினர் என்ற எல்லை தெளிவாக இருந்ததையும், முதல் மீறலுக்குச் சிறு தண்டனையும் தொடர்ந்தால் பெரிய தண்டனையுமாகப் படிப்படியாக இருந்ததையும் கண்டார். தெரியாமல் விளம்பரம் போட்டவருக்கு ஒரு தனிக் குறிப்பு போதும். ஏமாற்ற வந்தவரை மட்டும் அன்றே வெளியேற்றிவிட்டு, வெளியேற்றியதை எல்லோருக்கும் அறிவியுங்கள்.

நிதி திரட்டும் பக்கத்தை இப்போதே எடுத்துவிடுங்கள். பொதுமக்களிடம் முதலீடு கேட்பது பல நாடுகளில் உரிமம் தேவைப்படும் செயல். அமெரிக்காவில் பொதுமக்களிடமிருந்து இணையம் வழியே சிறு முதலீடுகள் திரட்ட 2012இல் சட்டம் இயற்றப்பட்டும், விதிகள் வகுக்கப்பட்டு அது நடைமுறைக்கு வர 2016 ஆயிற்று. அதற்கான தளங்களும் பதிவு பெற்றிருக்க வேண்டும். வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான கருத்து இல்லாமல் இந்த வசதியைத் திறப்பது உங்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஆபத்து.

இதோடு தொடர்புடைய இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. புதிய கண்டுபிடிப்பு ஒன்றை விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் விவரித்துவிட்டால், காப்புரிமை பெறும் வாய்ப்பே போய்விடலாம். ஐரோப்பியக் காப்புரிமை முறையில் அது ஏறக்குறைய உறுதி. அமெரிக்க முறையில் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் உண்டு. யாரும் படிக்கக்கூடிய ஒரு தளத்தில் ஆர்வத்தில் எழுதிய பதிவும் வெளியீடாகவே கருதப்படலாம். சேரும்போதே இதை எளிய சொற்களில் சொல்லிவிடுங்கள்: வாடிக்கையாளரைப் பற்றி, விலை வைப்பதைப் பற்றி, தயங்கும் முடிவைப் பற்றித் தாராளமாக எழுதலாம், செய்முறையின் நுட்பத்தை மட்டும் எழுத வேண்டாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இன்னும் வருமானம் இல்லாதவரிடம் மாதச் சந்தா வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் நுழைவில் ஒரு சிறு தொகை தடுப்பாகப் பயன்படும். மெட்டாஃபில்டர் என்ற பழைய குழுமம் 2004இல் ஒரே ஒருமுறை செலுத்தும் ஐந்து டாலர் கட்டணத்துடன் புதியவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. ஏமாற்ற வருபவர் மீண்டும் மீண்டும் புதுக் கணக்கு தொடங்க அந்தச் சிறு தொகையே தடையாகிவிடும். வருமானத்திற்கு, தொழில் தொடங்கிவிட்டவர்களுக்குத் தனிக் கூடங்களும் பயிலரங்குகளும் பின்னாளில் கைகொடுக்கும். பயிற்சி விற்பவர்களின் விளம்பரத்தை நம்பித் தளத்தை நடத்த வேண்டாம். விரைவிலேயே உறுப்பினர்களின் நலனும் விளம்பரதாரரின் நலனும் முட்டிக்கொள்ளும், அப்போது உங்களால் நேர்மையாக முடிவெடுக்க இயலாது.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. நீங்கள் கட்டியதை வீணாக்க வேண்டாம், ஆனால் கேள்வி பதில் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் போன்ற உரையாடல் செயலியில் தொடங்கினாலும் குறையில்லை. அங்கே நல்ல பதில்கள் நாளைக்குள் மேலே ஓடிவிடும் என்பதால், வாரந்தோறும் அவற்றைத் தொகுத்து ஓரிடத்தில் சேமிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் முதல் கேள்விகளுக்கான பதில்கள் அந்தத் தொகுப்பிலிருந்தே கிடைக்கும், அனுபவசாலிகளும் சலித்துப் போக மாட்டார்கள்.

உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்கும் பக்கத்தை ஆறு மாதங்களுக்கு மூடி வையுங்கள். கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு ஒரு நாளுக்குள் பயனுள்ள பதில் கிடைத்தது, ஒருமுறை கேட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்து கேட்டார்கள், பதில் பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னொருவருக்குப் பதில் எழுதினார்கள் என்ற மூன்றை மட்டும் ஒரு குறிப்பேட்டில் கையால் எழுதிவாருங்கள். மூன்றாவது எண் உயரத் தொடங்கும் மாதத்தில் இரண்டாம் கூடத்தைத் திறக்கலாம்.

அதற்கு முன் இந்த வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பதில் கிடைக்காமல் போன 17 பேருக்கும் நீங்களும் உங்கள் நண்பரும் பிரித்துக்கொண்டு, தாமதத்திற்கு வருத்தம் தெரிவித்து, சொந்தப் பெயரில் எழுதுங்கள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் சொன்னதை எழுதுங்கள். வாழ்த்துகளை மட்டும் பெற்றுக்கொண்டு போன துணிப்பைக்காரருக்கும் எழுதுங்கள். இதுவரை எத்தனை பைகள் தைத்தார் என்று கேளுங்கள்.